ஆளுயரக் கள்ளிச்செடிக்குத் தொட்டி மாற்றப் போகிறீர்களா? முள்ளைவிடப் பாலில் கவனம்!

வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கிய செடி. ஜன்னலோரம் வைத்து, ஞாபகம் வந்தபோது தண்ணீர் ஊற்றியதோடு சரி. சில வருடங்களில் அது இடுப்பு உயரம் தாண்டி, தொட்டியையே சாய்க்கத் தொடங்கியிருக்கும். அடித்துளையில் வேர் எட்டிப் பார்க்கும். ஊற்றும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓரமாக வழிந்தோடும். காற்றுக்குச் சாய்ந்தால், கீழே விளையாடும் குழந்தை மேல் விழுமோ என்ற பயம் வேறு. தொட்டி மாற்றும் நேரம் வந்துவிட்டது. யார் அதைத் தொடுவது என்பதுதான் பிரச்னை!

கேக்டஸா, கள்ளியா?

நர்சரிகளில் 'கேக்டஸ்' என்று விற்கப்படும் உயரமான செடிகளில் பல, கேக்டஸ் குடும்பமே அல்ல. அவை யூஃபோர்பியா இனம். நம் ஊர் வேலியோரச் சதுரக்கள்ளிக்கும் திருகுக்கள்ளிக்கும் சொந்தம். கேக்டஸில் முட்கள் பஞ்சு போன்ற சிறு மெத்தையிலிருந்து கிளம்பும். யூஃபோர்பியாவில் அந்த மெத்தை இருக்காது. லேசாகக் கீறினாலே வெள்ளைப் பால் வடியும். கேக்டஸிலும் சில வகைகளுக்குப் பால் உண்டு என்பதால், மெத்தையைப் பார்ப்பதே நம்பகமான வழி.

இந்த வித்தியாசம் முக்கியம். முள் குத்தினால் பிடுங்கிவிடலாம். யூஃபோர்பியா பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலோடு வீக்கமும் வந்து, பார்வையே மங்கலாம். கண்ணை மூடி மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வேலையில் இறங்க வேண்டாம். மீறிப் பட்டுவிட்டால், குறைந்தது 15 நிமிடங்கள் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். எரிச்சல் சில மணி நேரம் கழித்து அதிகமாவதும் உண்டு. தாய்ப்பால் விடுவது போன்ற கைவைத்தியம் வேண்டவே வேண்டாம்.

தை, மாசி நல்ல நேரம்

அடைமழைக் காலத்தில் செய்தால் வெட்டுப்பட்ட வேர் அழுகும். மழை ஓய்ந்து, வெயில் ஏறும் முன் செய்துவிடலாம். ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்தினால் மண் காய்ந்து எடை குறையும். சூரியனைப் பார்த்திருந்த பக்கத்தில் ஓர் அடையாளம் போட்டுவையுங்கள். திசை மாறினால் இதுவரை வெயில் படாத பக்கம் வெந்துபோகும்.

இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ரப்பர் கையுறையை முள் துளைத்துவிடும். வெல்டிங் வேலைக்குப் போடும் தடித்த தோல் கையுறைதான் சரி. செய்தித்தாள்களைப் பல மடிப்பாக மடித்துப் பட்டை போலத் தண்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளலாம். பெரிய செடியை நிற்க வைத்துப் பிடுங்காமல், பழைய சாக்கு மேல் மெதுவாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். தொட்டியின் உள் ஓரம் சுற்றிக் கத்தி விட்டு, வெளியே தட்டினால் மண்ணோடு கழன்று வரும். வரவில்லையா? தொட்டியை உடையுங்கள். புதுத் தொட்டி வாங்கலாம், ஒடிந்த தண்டை ஒட்ட முடியாது.

கறுத்துக் கொழகொழவென்று இருக்கும் வேர்களை வெட்டிவிட்டு, நிழலில் சில நாள் ஆறவிட வேண்டும். புதுத் தொட்டி பழையதைவிட 2 அங்குலம் அகலமாக இருந்தால் போதும். 'அடிக்கடி மாற்ற வேண்டாமே' என்று பெரிதாக வாங்குவதுதான் பலர் செய்யும் தவறு. வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கும். செம்மண்ணோடு பருமணல், செங்கல் தூள் நிறையவும், மக்கிய உரம் கொஞ்சமும் கலந்தால் தண்ணீர் நிற்காது. முன்பு எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நட்டு, வேர் பிடிக்கும்வரை மூங்கில் குச்சி முட்டுக் கொடுங்கள்.

நட்ட கையோடு தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு வாரம் வெளிச்சமான நிழலில் இருக்கட்டும். பிறகு முதல் தண்ணீர், அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக வெயில்.

சப்பாத்திக்கள்ளியின் மயிரிழை முட்கள் கையில் ஏறினால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தெடுங்கள். மிச்சத்துக்கு ட்வீசர். வேலைக்குப் பயன்படுத்திய துணியை வீட்டுத் துணிகளோடு வாஷிங் மெஷினில் போட்டுவிடாதீர்கள்!