மினி கம்ப்யூட்டர் வாங்கும் முன்

 

பிள்ளைகளின் பாடம், உதவித்தொகை விண்ணப்பம், ஜவுளிக் கணக்கு ஆகியவற்றுக்கு உள்ளங்கை அகல மினி கம்ப்யூட்டர் போதுமா? தாராளமாகப் போதும். ஆனால் விலையை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது.

முதலில் பிராசஸரைக் கவனிப்போம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குப் பொதுவாக இன்டெல் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்குவோர் பெயரைப் படியுங்கள்: ஐ5-6500டி என்றால் 6-ஆம் தலைமுறை, ஐ5-8500டி என்றால் 8-ஆம் தலைமுறை. பழையது ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வீண் செய்ய வேண்டாம்; இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டுப் பயன்படுத்தலாம்.

புதிதாக வாங்குவோருக்கு இன்டெல் என்100 போதும். அந்தச் சிப்பின் மின்திறன் அளவு 6 வாட்தான். ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 256 ஜிபி இருக்கட்டும்.

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் பெரும்பாலும் தனிச் செலவு. எச்டிஎம்ஐ உள்ள டிவி இருந்தால் மானிட்டர் செலவு மிச்சம். இதில் பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் பாதி நிரப்பிய விண்ணப்பமும் போய்விடும். சிறிய யூபிஎஸ் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கைக்காசு போதவில்லையா? வட்டித் தவணைக்குப் போகாமல், சேரும்வரை பொறுப்போம். அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.