கடற்கரை பெஞ்சுக்குக் கால் ஊன்றுவது

நண்டலாற்றைத் தாண்டிக் காரைக்கால் எல்லைக்குள் வந்ததும் பூவம். மணலும் வண்டலும் கலந்த தரை, கிழக்கே கடல். இப்படிப்பட்ட இடத்தில் திறந்த வெளியில் பெஞ்சு போடுகிறவர்கள் முதலில் நினைப்பது திருட்டைத்தான். எனக்குக் காற்றும் உப்பும்தான் பெரிய கவலை.

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. மணிக்கு 120 என்று வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 68 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். முக்கால் சதுர மீட்டர் சாய்மானப் பலகையை 50 கிலோ தள்ளும். 30 கிலோ இரும்பு பெஞ்சு மல்லாந்துவிடும்.

அதனால்தான் காலுக்கடியில் கான்கிரீட் கட்டை புதைக்கிறார்கள். 30 செ.மீ. நீள அகலமும் 45 செ.மீ. ஆழமும் உள்ள கட்டை ஒன்று சுமார் 97 கிலோ. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் ஏறிக் கட்டை முழுதும் மூழ்கினால், நீர் தாங்குவதுபோக மிஞ்சுவது 57 கிலோதான். டெல்டாவில் கட்டையின் அடியை அகலமாக வார்ப்பது இதற்காகவே. மேலே கிடக்கும் மண்ணும் சேர்ந்து அமுக்கும்.

கான்கிரீட் ஊற்றும் முன்பே ‘ஜே’ வடிவில் வளைத்த போல்ட்டுகளைத் துளையிட்ட பலகையில் மாட்டி நிமிர்த்தி நிறுத்த வேண்டும். மரையில் கிரீஸ் தடவி பிளாஸ்டிக் சுற்றாவிட்டால் சிமெண்ட் அப்பிக்கொண்டு நட் ஏறாது. ஏற்கெனவே கான்கிரீட் தளம் இருந்தால் துளையிட்டு, ரசாயனப் பசை நிரப்பி போல்ட்டைச் செருகலாம். துளைக்குள் தூசி மிச்சமிருந்தால் பசை கான்கிரீட்டை விட்டுவிட்டுத் தூசியைப் பிடிக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்து ஊதுவதில்தான் வேலையின் தரமே இருக்கிறது.

கலவைக்குக் கடல் மணல் கூடவே கூடாது. அதிலுள்ள உப்பு உள்ளே புதைந்த இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும்.

நட்டைக் கழற்றாமலிருக்க வெல்டிங் வைப்பது வழக்கம். இந்தக் கரையில் அது வேண்டாம். அந்தச் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்து, அந்த இடத்திலேயே துரு தொடங்கும். இறுக்கியதும் தலை முறிந்துபோகும் நட்டுகள் கிடைக்கின்றன, அவை மேல். செலவுக்கு அஞ்சாதவர்கள் மாலிப்டினம் கலந்த 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் வாங்கலாம்.

கால் கான்கிரீட்டைத் தொடுமிடத்தில் தண்ணீர் தேங்காதபடி கட்டையின் தலையைச் சற்றே சரிவாகப் பூசச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் மழைக்கு முன், புரட்டாசியிலேயே, அந்த இடத்து மணலை ஒதுக்கிப் பார்த்து, தலை முறியாத சாதாரண நட்டென்றால் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.