மிலிட்டரி லீவு 30 நாள், வீட்டுல 2 வயசுக் குழந்தை: இந்த சம்மருக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?

செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை, வேலூர் பக்கம் பஸ்ல போனீங்கன்னா ஏப்ரல், மே மாசத்துல ஒரு காட்சியைப் பார்க்கலாம். முதுகுல பெரிய பச்சை பேக், கையில டிரங்க் பெட்டி, ஒட்ட வெட்டின முடி. லீவுல வர்ற மிலிட்டரிக்காரர். இந்தப் பக்கம் பல கிராமங்கள்ல தெருவுக்கு ஒருத்தராவது ராணுவத்துல இருப்பாங்க. நீங்களே அதுல ஒருத்தரா இருக்கலாம். இல்லைன்னா உங்க அண்ணனோ மச்சானோ இருக்கலாம். ஐ.டி.ல வேலை பார்த்துட்டு மாசத்துக்கு ரெண்டு முறை மட்டும் ஊருக்கு வர்ற அப்பாவா இருந்தாலும் சரி, இந்தக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். ஒரு ஜவானுக்கு வருஷத்துல 60 நாள் வருடாந்திர விடுப்பு உண்டு. அதை ஒரே மூச்சுல யாரும் எடுக்கறதில்ல. சம்மருக்கு 30 நாள்னு வைச்சுக்கோங்க. பதான்கோட்லயிருந்தோ ஜலந்தர்லயிருந்தோ செஞ்சிக்கு வந்து சேர ரெண்டு நாள், திரும்பிப் போக ரெண்டு நாள். மிச்சம் 26 நாள். ரெண்டு வயசுக் குழந்தை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11-லேர்ந்து 14 மணி நேரம் தூங்கணும். அக்னி நட்சத்திர வெயில்ல காலையில 10 மணிக்கு மேல சாயங்காலம் 4 மணி வரைக்கும் அதை வெளியில தூக்கிட்டுப் போக முடியாது. குளியல், சோறு, அழுகை எல்லாம் கழிச்சுட்டா வெளியில சேர்ந்து விளையாட ஒரு நாளைக்கு 3 மணி நேரம் கிடைக்கும். 26 நாளுக்கு 78 மணி நேரம். அப்பாவுக்குக் கையில இருக்கற சொத்து அவ்வளவுதான். பணத்தை விட இது கம்மியா இருக்கு, அதனால முதல்ல இதைத்தான் பட்ஜெட் போடணும்.

இப்போ ஊட்டி டூரை எடுத்துப்போம். கார் வாடகை, ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 3 நாளைக்கு 25,000 ரூபாய்னு ஒரு உதாரணத்துக்கு வைங்க. அதுல குழந்தை வெளியில விளையாடற நேரம் 9 மணி. மணிக்கு கிட்டத்தட்ட 2,800 ரூபாய். மீதி நேரம் கார்ல வாந்தி, மலைப்பாதையில டிராஃபிக், ரூம்ல டிவி. 2024 மே மாசத்துலேர்ந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேற எடுக்கணும். ரெண்டு வயசுக் குழந்தைக்கு ஊட்டி ஞாபகம் இருக்காது. போட்டோ இருக்கும், அது பெரியவங்களுக்கு. டூர் போகவே கூடாதுன்னு சொல்லல. குழந்தைக்காகப் போறோம்னு சொல்லிக்கிட்டு போகாதீங்க, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். எட்டு மாசம் கழிச்சு வர்ற அப்பாவை அந்தக் குழந்தைக்கு அடையாளம் தெரியாது. போன்ல பார்த்த முகம் வேற, வீட்டுக்குள்ள வந்து நிக்கற ஆள் வேற. முதல் ஒரு வாரம் கிட்டயே வராது, அம்மா முந்தானையைப் பிடிச்சுட்டு நிக்கும். அந்த வாரத்துல டூர் புக் பண்றது சுத்த வேஸ்ட். புது இடம், புது ஆள் ரெண்டையும் ஒரே நேரத்துல குழந்தை மேல திணிக்காதீங்க.

செஞ்சியிலயே என்ன இருக்கு?

நிறையவே இருக்கு. 2025 ஜூலையில யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலப்பரப்புன்னு 12 கோட்டைகளை உலக பாரம்பரிய பட்டியல்ல சேர்த்தாங்க. 11 மகாராஷ்டிராவுல, மிச்சம் ஒண்ணு நம்ம செஞ்சி. வெளியூர்க்காரங்க இதைப் பார்க்க செலவு பண்ணி வர்றாங்க. நமக்கு ஷேர் ஆட்டோ தூரம். பெரியவங்களுக்கு டிக்கெட் 25 ரூபாய், 15 வயசுக்குக் கீழ இலவசம்.

ஆனா ராஜகிரி உச்சிக்குக் குழந்தையைத் தூக்கிட்டு ஏறாதீங்க. மிலிட்டரிக்காரருக்கு அது பெரிய ஏத்தம் இல்ல, தோள்ல உட்கார்ந்திருக்கற குழந்தைக்குத்தான் வெயில். பாறை சூடேறிட்டா வெறுங்கால் வைக்க முடியாது. கீழ்க்கோட்டையே போதும். கல்யாண மகால், தானியக் களஞ்சியம், குதிரை லாயம், யானைக்குளம், நடுவுல புல்தரை. களஞ்சியத்துக்குள்ள நின்னு குழந்தையைக் கத்தச் சொல்லுங்க. எதிரொலி கேட்டா அரை மணி நேரம் அதே விளையாட்டுதான். கேட் திறந்த உடனே போயிட்டு வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடுங்க. பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் வெளியில காட்டாதீங்க, குரங்குங்க உங்களை விட வேகம்.

இந்தக் கோட்டைக்குள்ள நிஜமாவே ஒரு ராணுவக் குடும்பம் கைக்குழந்தைகளோட இருந்திருக்கு. சத்ரபதி சிவாஜி 1677-ல பிடிச்ச கோட்டை இது. அவரோட மகன் ராஜாராம் முகலாயப் படைக்குத் தப்பிச்சு இங்க வந்து, வருஷக்கணக்கா முற்றுகையைத் தாங்கினார். மனைவிகளும் பின்னாடி இங்க வந்து சேர்ந்தாங்க. 1696-ல ராஜாராமுக்கும் தாராபாய்க்கும் ஒரு மகன் பிறந்தான், அவனுக்கும் சிவாஜின்னுதான் பேரு. 1698 தொடக்கத்துல சுல்பிகர் கான்கிட்ட கோட்டை விழுந்தப்போ அந்தப் பையனுக்கு ரெண்டு வயசு கூட ஆகல. ராஜாராம் முன்னாடியே தப்பிச்சுப் போயிட்டார், குடும்பம் மாட்டிக்கிச்சு, அப்புறம்தான் விடுவிச்சாங்க. 'தேசிங்கு ராஜா கோட்டை'ன்னு மட்டும் தெரிஞ்சவங்க இதையும் தெரிஞ்சுக்கோங்க.

கோட்டை போரடிச்சா விழுப்புரம் ரோட்டுல மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாம மகேந்திரவர்மப் பல்லவன் குடைஞ்ச குகைக்கோயில். சின்ன இடம், நிழல் உண்டு, செலவு பெட்ரோல் மட்டும். சிங்கவரம் பக்கத்துலயே இருக்கு, ஆனா படி ஏறணும்.

மத்த நாள் எல்லாம் வீடுதான். நுங்கு சீசன்ல நுங்கு தின்னுட்டு ரெண்டு கோந்தையைக் குச்சியில செருகி வண்டி பண்ணிக் குடுங்க. ஆன்லைன்ல வாங்கற 1,500 ரூபாய் ரிமோட் கார் ரெண்டே நாள்ல உடையும், இது உடைஞ்சா இன்னொன்னு ஓசி. மொட்டை மாடியில சாயங்காலம் அன்னக்கூடையில தண்ணி ஊத்தி விளையாட விடுங்க, ஆனா கை எட்டுற தூரத்துல நில்லுங்க. ஒரு பக்கெட் தண்ணியே அந்த வயசுக்கு ஆபத்து. வேகவெச்ச மல்லாட்டையை முழுசா வாயில போடாதீங்க, தொண்டையில அடைச்சுக்கும். வயித்துப்போக்கு வந்தா மருந்துக்கடையில உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்ட ஓ.ஆர்.எஸ். பவுடர் பாக்கெட்டையே கேட்டு வாங்கி, பாக்கெட்ல போட்டிருக்கற அளவு தண்ணியில கலக்குங்க. கலர் கலரா அட்டை டப்பாவுல வந்த சர்க்கரைத் தண்ணிக்கெல்லாம் அந்தப் பேரை வைக்கக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிடுச்சு.

உண்மையான செலவு எங்க இருக்கு?

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் சேர்த்தாலும் மூவாயிரம், நாலாயிரம் தாண்டாது. சம்மர் லீவுல மிலிட்டரிக் குடும்பத்தைக் கடன்ல தள்ளுறது இது இல்ல. காதுகுத்து.

'அவன் லீவுல வந்திருக்கான், இப்பவே வைச்சுடலாம்'னு குலதெய்வக் கோயில்ல மொட்டை, காதுகுத்து, கிடா விருந்து, பேனர், மண்டபம். ஒன்றரை லட்சம் சாதாரணமா ஓடிடும். பர்சனல் லோன் 14% வட்டிக்கு 3 வருஷத்துக்குப் போட்டா மாசம் சுமார் 5,127 ரூபாய் இ.எம்.ஐ. மொத்த வட்டி 34,500-க்கு மேல. 'மொய் வந்துடும்'னு பெரியவங்க சொல்வாங்க. மொய் வருமானம் இல்லைங்க, வட்டியில்லாக் கடன். நோட்டுல எழுதி வைச்சிருக்காங்க, ஒவ்வொண்ணா திருப்பிச் செய்யணும். 'ஃபண்டுல எடுத்துக்கலாம், அது நம்ம பணம்தானே'ன்னு இன்னொரு பேச்சு வரும். 7.1% வட்டி வரியில்லாம வளர்ற பணம் அது. அதை எடுத்து பிரியாணி போட்டா அந்த வளர்ச்சியும் சேர்ந்துதான் போகும்.

காதுகுத்தை நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல, உங்களுக்கும் இருக்காது. தாய்மாமன் மடியில உட்கார வைச்சு, நெருங்கின சொந்தம் முப்பது பேரோட கோயில்லயே முடிக்கலாம். இல்லைன்னா அடுத்த வருஷம்னு தேதி சொல்லிட்டு, இன்னைக்கே 10,000 ரூபாய்க்கு ஆர்.டி. ஆரம்பிங்க. 12 மாசத்துல 1.2 லட்சம் அசல் மட்டுமே சேர்ந்துடும். பெண் குழந்தையா இருந்தா செல்வமகள் கணக்கையும் இந்த லீவுலயே போஸ்ட் ஆபீஸ்ல திறந்துடுங்க. 250 ரூபாய்ல திறக்கலாம், இப்போதைய வட்டி 8.2%.

சொந்தக்காரங்க கேண்டீன் கோட்டாவைக் கேட்டு வருவாங்க. அது தனி சப்ஜெக்ட், இங்க வேண்டாம்.

மதியம் குழந்தை தூங்கும்போது

வெயில் நேரத்துல ரெண்டு மணி நேரம் சும்மா கிடைக்கும். போனை நோண்டாம பேப்பரை எடுங்க. குழந்தை பிறந்ததுக்கு யூனிட்ல பார்ட் டூ ஆர்டர் வெளியாயிடுச்சா? ரெக்கார்டுல பேரு ஏறலைன்னா வாரண்ட்லயிருந்து மருத்துவம், குடும்ப ஓய்வூதியம் வரைக்கும் எல்லாத்துலயும் சிக்கல். பிறப்புச் சான்றிதழ்ல பேரு இருக்கா? பிறந்து ஒரு வருஷத்துக்குள்ள கட்டணம் இல்லாம சேர்க்கலாம், அப்புறம் தாமதக் கட்டணம். சம்பள அக்கவுண்ட் டிஃபென்ஸ் பேக்கேஜ்ல இருக்கா, அதுல விபத்துக் காப்பீடு எவ்வளவு, நாமினி யாருன்னு பேங்க்ல கேளுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேரைப் போட்டுட்டு அப்படியே விட்டவங்க நிறைய. மனைவிக்கு இந்தப் பேப்பர் எல்லாம் எந்த டிரங்க் பெட்டியில இருக்குன்னு தெரியணும். பார்டர்ல இருக்கற ஆளுக்கு இதைப் பேசறது கஷ்டம்தான், ஆனா வீட்டுல இருக்கறப்போ பேசலைன்னா எப்போ பேசப்போறீங்க?

தனியார் கம்பெனியில இருக்கறவங்களும் பி.எஃப். நாமினேஷனைப் பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி போட்டது கல்யாணம் ஆன உடனே செல்லாமப் போயிடும். புதுசா ஆன்லைன்ல போடணும்.

டிக்கெட் விஷயத்துல ரெண்டு கணக்கு. ரயில்ல 5 வயசுக்குக் கீழ தனி பெர்த் கேக்காத வரைக்கும் டிக்கெட் வேண்டாம். ஃபிளைட்ல 2 வயசு முடிஞ்சா தனி சீட் எடுத்தே ஆகணும். மே மாசம் பிறந்தநாள்னா பயணத் தேதியை அதுக்கு முன்னாடி வைங்க, சில ஆயிரம் மிச்சம். வாரண்ட், கன்செஷன் வவுச்சர் இருந்தா வீணாக்காதீங்க. ரயில் முன்பதிவு இப்போ 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. வர்ற டிக்கெட்டோட போற டிக்கெட்டையும் அலாரம் வைச்சுப் போட்டுடுங்க. கடைசி நேரத்துல தட்கல்ல அலையறது லீவோட கடைசி ரெண்டு நாளைத் தின்னுடும்.

போற அன்னைக்கு, குழந்தை தூங்கறப்போ நைசா கிளம்பிடலாம்னு வீட்டுல சொல்வாங்க. அப்படிப் போகாதீங்க. அழுதாலும் பரவாயில்ல, தூக்கி வைச்சு, 'அப்பா ரயில்ல போறேன், போன்ல வருவேன்'னு சொல்லிட்டுப் போங்க. திண்டிவனம் ஸ்டேஷன் வரைக்கும் கூட்டிட்டு வந்து ரயிலைக் காட்ட முடிஞ்சா இன்னும் நல்லது. பிளாட்ஃபார்ம் டிக்கெட் 10 ரூபாய்தான்.