வாளுக்கு வழிகாட்டும் சட்டமும் அதன் துணைக்கருவிகளும்

எட்டடி நீளமான ஒட்டுப்பலகை ஒன்றை நேர்கோட்டில் அறுத்தல் எத்துணைக் கடினமென்பதை, அதனை ஒருமுறையேனும் முயன்று பார்த்தவரே அறிவர். நூலடித்துக் கோடிட்டு, அக்கோட்டின்மேற் கண்ணை வைத்துக் கைவாளை ஓட்டிய நம் தச்சர் நெடுங்காலப் பயிற்சியினால் அதனைச் செய்து வந்தனர். மின்னாற் சுழலும் வட்டவாள் கைக்கு வந்தபோது வேகம் பெருகிற்று. ஆயின் நேர் கெட்டது. சுழலும் வாள் ஓரிடத்திற் சிறிது திரும்பிவிட்டால் அதனைக் கோட்டுக்கு மீட்டுக் கொணர்தல் அரிது. வலிந்து மீட்க முயன்றாலோ வாள் பலகைக்குள் இறுகி, பிடித்திருப்பவனை நோக்கியே எகிறிவிடும். இக்குறையை நீக்க எழுந்ததே, வாளைத் தன்மேல் ஏற்றி நேரே நடத்தும் அலுமினியச் சட்டம். தொழிலாளர் இதனை ‘றெயில்’ என்றும், இதன்மேல் ஓடும் வாளை ‘ட்ராக் சோ’ என்றும் வழங்குவர். இப்பேச்சில் முன்னதை வழிச்சட்டம் என்றும், பின்னதைச் சட்டவாள் என்றும் சொல்லிக்கொள்வோம்.

யான் தச்சனல்லன், கலைத்துறையிற் பட்டம் பெற்றுப் பாடசாலை நடத்துபவன். எங்கள் நூலகத்துக்குப் புத்தகத் தட்டுகள் வேண்டியிருந்தன. பெற்றோர் திரட்டித் தந்த பணத்திற் செய்த தட்டுகளை வாங்குவதா, கருவியை வாங்கி மேல்வகுப்பு மாணவரும் மரவேலை ஆசிரியருமாகச் செய்வதா என்று ஆராய்ந்து, பின்னதையே தெரிந்துகொண்டோம். வாளொன்றும் சட்டமொன்றும் வாங்கினாற் போதுமென எண்ணியிருந்த எனக்கு, விற்பனையாளர் நீட்டிய பட்டியல் வியப்பைத் தந்தது. இணைப்புக் கோல்கள், கிளாம்புகள், மூலைமட்டங்கள், சமாந்தர வழிகாட்டிகள், இறப்பர்ப் பட்டிகள், முனைமூடிகள், பைகள் என அது நீண்டது. அனைத்தையும் வாங்கினால் வாளின் விலையை அவற்றின் விலை விஞ்சிவிடும். பணமோ என்னுடையதன்று, மீன் விற்றும் தோட்டஞ் செய்தும் வாழ்பவர் தந்தது. ஆகவே ஒவ்வொரு துணைக்கருவியையும் நோக்கி, ‘நீ எந்தப் பிழையைத் தீர்க்க வந்தாய்?’ என்று கேட்கவேண்டிய நிலை எனக்கு உண்டாயிற்று. அவ்வினாவுக்கு மறுமொழி சொல்லக்கூடியவை சிலவே.

துணைக்கருவிகளைப் பற்றிப் பேசுமுன், சட்டத்தின் இனத்தை அறிதல் வேண்டும். யேர்மனியில் 1925 இல் கொட்லீப் ஸ்டோல், ஆல்பேட் ஃபெசர் என்னும் இருவர் தொடங்கிய நிறுவனம் 1960களில் வட்டவாளுக்குரிய வழிச்சட்டத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அந்நிறுவனத்தின் மரவேலைக் கருவிப் பிரிவே 2000 ஆம் ஆண்டு தொடக்கம் ஃபெஸ்டூல் என்னும் பெயரில் தனித்து இயங்குகின்றது. இன்று பலரும் வழிச்சட்டங்களைச் செய்கின்றனர்; ஆயின் அவை யாவும் ஒரே அச்சில் வார்த்தவையல்ல. யப்பானிய மகீட்டாவின் சட்டம் ஃபெஸ்டூலின் சட்டத்தை ஒத்தது. ஒன்றின் வாள் மற்றதன் சட்டத்தில் ஓடும். மகீட்டாவின் சட்டத்திற் கூடுதலாக ஓர் உதடு உண்டு. சாய்வாக அறுக்கும்போது அதன் வாள் கவிழாதவாறு அவ்வுதட்டைப் பற்றிக்கொள்ளும். போஷ், மாஃபெல் ஆகிய இரண்டும் தமக்குள் ஒரு குடும்பம். டிவால்ட்டின் சட்டமோ இருபுறமும் அறுக்கத்தக்கதாக அமைந்த தனி இனம். முதலில் வாங்கும் சட்டமே பின்னர் வாங்குவனவற்றைப் பெரிதும் தீர்மானித்துவிடுகின்றது. கிளாம்புகள் பெரும்பாலும் இனம் பாரா. இணைப்புக் கோலும் மூலைமட்டமும் அத்தகையனவல்ல. எந்தச் சட்டத்துக்கெனச் செய்யப்பட்டன என்று கேட்டறியாமல் அவற்றை வாங்குதல் ஆகாது.

அடுத்து நீளம். கடையில் விற்கும் பலகையின் வழக்கமான அளவு 2440 மில்லிமீற்றர் நீளமும் 1220 மில்லிமீற்றர் அகலமுமாகும். சட்டம் அறுக்கும் கோட்டின் அளவே இருந்தாற் போதாது. வாளின் அடித்தட்டு, வாய் பலகையைத் தொடுமுன்னரே சட்டத்தின்மேல் நன்கு அமர்ந்திருக்க வேண்டும். மறுமுனையிலும் பலகையை விட்டு வாய் வெளிவரும் வரையில் அமர்ந்தே செல்ல வேண்டும். ஆகவே அகலத்தை அறுக்க 1400 மில்லிமீற்றர்ச் சட்டம் வேண்டும். நீளத்தை அறுக்க 2700 மில்லிமீற்றரிற் குறைந்த சட்டம் உதவாது. பெரிய சட்டம் ஒன்றே வாங்குதல் சாலச் சிறந்தது. ஆனால் அதனைப் பேருந்திற் கொண்டுவருதலும் சிறிய அறையிற் பேணுதலும் எளிதல்ல. 1400 மில்லிமீற்றர்ச் சட்டங்கள் இரண்டை வாங்கி, வேண்டும்போது இணைப்பவரே பலர். நாங்களும் அவ்வாறே செய்தோம். பிழையும் அங்கேதான் நேர்ந்தது.

இணைப்புக் கோல் என்பது சட்டத்தின் தவாளிப்புக்குள் நுழையும் உலோகத் துண்டு. சிறு திருகாணிகள் அதனை இறுக்கும். அது இரு சட்டங்களையும் சேர்த்துப் பிடிக்கும் என்பது மெய். நேராகப் பிடிக்கும் என்பதற்கு உறுதியில்லை. யாம் இரு முனைகளையும் ஒன்றோடொன்று முட்டத் தள்ளி இறுக்கினோம். முட்டினால் நேர்வரும் என்பது எம் எண்ணம். முனை செவ்வையாக வெட்டப்பட்டிராவிடின் முட்டுதலே கேடாக முடியும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபின்னரே உணர்ந்தோம். சட்டத்தின் அகலம் ஏறத்தாழ 190 மில்லிமீற்றர். அவ்வகலத்தில் முனை ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு, அஃதாவது தடித்த தாளொன்றின் கனமளவே சரிந்திருந்தாலும், 1400 மில்லிமீற்றர் கொண்ட இரு சட்டங்கள் சேரும் நடுவிடத்தில் 0.37 மில்லிமீற்றர் வளைவு விழுகின்றது. அவ்வாறு அறுத்த இரு விளிம்புகளை எதிரெதிரே வைத்தால் இடைவெளி இருமடங்காகும். எங்கள் முதலிரு பலகைகளைச் சேர்த்துப் பிடித்தபோது ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த கீற்றாக வெளிச்சம் தெரிந்ததன் காரணம் இதுவே. அவை புத்தகத் தட்டாகவில்லை, அறிவித்தற் பலகையாயின.

செய்யவேண்டியது யாதெனின், இரு முனைகளுக்குமிடையே ஒரு மில்லிமீற்றர் அளவு இடைவெளி விடுக. சட்டங்களின் பின்விளிம்பிலே நேரான கோலொன்றைப் பொருத்தி, அதனோடு இரண்டும் படிந்திருக்கையில் திருகாணிகளை இறுக்குக. மேசன்மார் கையாளும் அலுமினிய மட்டக்கோல் இதற்குப் போதும். இதற்கெனத் தனிக்கருவி வாங்க வேண்டுவதில்லை. திருகாணியை வன்மையாக இறுக்கினாற் சட்டத்தின் மென்மையான அலுமினியம் புடைத்துவிடும். இறுக்கியபின் சோதிக்கும் முறை மிக எளிது. பலகையின்மேற் சட்டத்தை வைத்து அதன் பின்விளிம்பை ஒட்டிக் கூரிய பென்சிலாற் கோடிடுக. பின்னர்ச் சட்டத்தைத் தலைமாற்றிக் கோட்டின் மறுபுறத்தில் வைத்து, அதே விளிம்பைக் கோட்டோடு பொருத்துக. கோடும் விளிம்பும் முழுநீளமும் ஒட்டினாற் சட்டம் நேர். இடையில் விலகினால், விலகிய அளவிற் பாதியே பிழை. இச்சோதனைக்குச் செலவாவது ஒரு பென்சிற் கோடு மாத்திரமே. இதனைச் செய்யாமல் விலைமிக்க இணைப்புக் கோலை வாங்குபவர், கடிகாரத்தைத் திருத்தாமல் சங்கிலியைப் பொன்னாற் செய்பவரை ஒப்பர்.

கிளாம்புகளைப் பற்றிச் சிலர், அவை வேண்டா என்பர். சட்டத்தின் அடியில் ஒட்டியுள்ள மெத்தென்ற இறப்பர்ப் பட்டிகள் பலகையைப் பற்றிக்கொள்வதால், தூசியற்ற பலகையில் நேராக ஓர் அறுப்பை அறுக்கக் கிளாம்பு இன்றியமையாததன்று என்பது உண்மையே. ஆனாற் பாடசாலை மரவேலை அறையில் தூசியற்ற பலகை எங்கேயுளது? மெலமைன் பூசிய வழுவழுப்பான பலகையிலும், சாய்வாக அறுக்கையிலும், பலகையின் நடுவே வாளை இறக்கித் தொடங்குகையிலும் சட்டம் நகர்தல் கூடும். நடுவே இறக்கும்போது வாள் பின்னோக்கி எகிறும் ஆபத்தும் உண்டு. அதற்கெனச் சட்டத்திற் பொருத்தும் பின்தடுப்பு விற்கப்படுகின்றது. மாணவர் கைகொள்ளும் கருவிக்குக் கிளாம்பு இரண்டையும் பின்தடுப்பு ஒன்றையும் வாங்குதலில் யான் ஒருபோதும் சிக்கனம் பாரேன். சட்டத்துக்குரிய கிளாம்பு சட்டத்தின் அடித்தவாளிப்பில் நுழைந்து கீழிருந்து பற்றுவது; மேலே எதுவும் நீட்டிக்கொண்டிராது. பொதுவான கிளாம்பை மேலே மாட்டினால் வாள் ஓடும் வழியில் அது முட்டிக்கொள்ளும். இன்னுமொன்று: வாளின் ஆழத்தைப் பலகையின் கனத்திலும் இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேற் கூட்டலாகாது. கூட்டினால், கீழேயுள்ள கிளாம்பின் தண்டு வாயில் அகப்படக்கூடும். பலகையின்கீழ் பயன்படாத பழம்பலகையொன்றை முழுமையாகப் பரப்பிக்கொண்டால் அறுபட்ட துண்டு தொங்கி முறியாது. விலையின்றிக் கிடைக்கும் துணைக்கருவி அஃதொன்றே.

சட்டத்தின் அறுக்கும் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய இறப்பர்ப் பட்டியே, என் கணிப்பில், முழு ஏற்பாட்டின் உயிர்நிலை. புதிய சட்டத்தில் அது சற்று அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும். முதன்முறை வாளை ஓட்டும்போது அவ்வாளே அதனைத் தன் அளவுக்கு வெட்டிவிடும். அதன்பின் பட்டியின் விளிம்பு எங்கேயோ அங்கேதான் வாளின் வாயும் செல்லும். குறித்த கோட்டின்மேல் விளிம்பை வைத்தாற் போதும், வேறு அளவை வேண்டா. மரத்தின் மேற்புறத்தை அழுத்திப் பிடிப்பதால் சிராம்பு எழாமலும் அது காக்கின்றது. இதிலே கவனிக்கவேண்டியவை இரண்டு. அடித்தட்டின் வாய்க்காலுக்கும் சட்டத்தின் மேடான வரம்புக்கும் இடையே உள்ள ஆட்டத்தை, வாளிலுள்ள சீர்செய் திருகுகளால் முதலில் நீக்கிவிட்டு, அதன்பின்னரே பட்டியை வெட்டவேண்டும். ஆட்டத்தோடு வெட்டினால் விளிம்பு பொய் சொல்லும். மேலும், ஒரு வாளுக்கென வெட்டிய பட்டி மற்றொரு வாளுக்குப் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. 2.2 மில்லிமீற்றர் அகலம் அறுக்கும் வாய்த்தகட்டை நீக்கி 1.8 மில்லிமீற்றர்த் தகட்டை மாட்டினாலுங்கூட விளிம்புக்கும் பல்லுக்கும் இடையே சிறு வெளி விழுதல் உண்டு. ஆகையால் மாற்றுப் பட்டியொன்றை வாங்கி வைத்தல் நன்று. அதன் விலை அற்பமே. எம் போன்ற வெப்ப நாட்டிற் பசை இளகிப் பட்டி நகர்வதும் உண்டாதலால், சட்டத்தை வெயிலில் விடாதீர்கள்.

மூலைமட்டத்துக்கு வருவோம். சட்டத்தோடு இணையும் மூலைமட்டம் பலகையின் விளிம்பிற் படிந்து, சட்டத்தைச் செங்கோணத்தில் நிறுத்துவது. அடிக்கடி குறுக்கே அறுப்பவருக்கு இது பெரிதும் நேரம் மீதப்படுத்தும். நூலகத் தட்டுகளைச் செய்வதற்கு எமக்கும் பயன்பட்டது. ஆயின் அதன் அணைவிளிம்பின் நீளத்தை நோக்கி வாங்குக. 160 மில்லிமீற்றர் நீள விளிம்பில் பத்திலொரு மில்லிமீற்றர் அளவு தூசித்துகள் ஒன்று தங்கினால், 1220 மில்லிமீற்றர் அகலத்தின் மறுமுனையில் முக்கால் மில்லிமீற்றர் பிழையாகின்றது. நீண்ட விளிம்புடையதே நம்பத்தக்கது. அதனையும் சோதித்தல் வேண்டும்: பலகையை நடுவே குறுக்காக அறுத்து, ஒரு பாதியைக் குப்புறக் கவிழ்த்து, இரு பாதிகளின் அடிவிளிம்பையும் ஒரே நேர்கோலில் அணைத்து, அறுத்த முகங்களைச் சேர்த்துப் பாருங்கள். தோன்றும் இடைவெளி பிழையின் இருமடங்கு. மேலும், மூலைமட்டம் தான் அணையும் விளிம்பை நம்பியே நிற்பது. அவ்விளிம்பு கோணலாயின் மட்டத்தைக் குறைகூறிப் பயனில்லை.

சமாந்தர வழிகாட்டி எனப்படும் இரு கரங்கள், ஒரே அகலமுள்ள பட்டிகளை மீண்டும் மீண்டும் அறுப்பதற்கானவை. நாள்தோறும் அலுமாரி செய்யும் பட்டறைக்கு அவை உகந்தன. எமக்கு வேண்டா என்று யான் மறுத்தேன். மரவேலை ஆசிரியருக்கு அதில் மனத்தாங்கல். பின்னர் ஊரிலுள்ள மூத்த தச்சர் ஒருவர் அவருக்கு ஒரு வழி காட்டினார். ஒரே நீளத்தில் இரண்டு மரக்குச்சிகளை அறுத்து, ஒவ்வொன்றின் ஒருமுனையிலும் சிறு கட்டையை ஆணியடித்துக் கொக்கிபோலாக்கினார். கொக்கியைப் பலகையின் விளிம்பில் மாட்டி, குச்சிகளின் மறுமுனைகளுக்குச் சட்டத்தின் விளிம்பைக் கொண்டுவந்தால், பலகை முழுவதிலும் அகலம் மாறாது. எங்கள் தட்டுகள் நாற்பத்தெட்டும் அக்குச்சிகளாலேயே அளக்கப்பட்டன. சட்டத்தினும் ஒடுங்கிய பட்டிகளை அறுக்கும்போது மாத்திரம், சட்டம் சாய்ந்துவிடாதவாறு அதன் வெறும்பக்கத்தின்கீழ் அதே கனமுள்ள பலகைத் துண்டொன்றை வைத்தல் வேண்டும்.

எஞ்சியவற்றை விரைவிற் சொல்லலாம். வாளின் மின்கம்பியும் தூசு உறிஞ்சும் குழாயும் சட்டத்தின் முனையிற் சிக்கி, பாதி வழியில் வாளை நிறுத்திவிடுவதுண்டு. நிறுத்திய இடத்தில் விளிம்பிலே ஒரு வடு விழும். அதனைத் தடுக்கச் சரிவான முனைமூடி விற்கின்றனர். நாங்கள் பழைய மிதிவண்டி இறப்பர்க் குழாயைக் கிழித்து முனையிற் போர்த்தோம், குறையில்லை. சட்டத்துக்குரிய பை, ஊரூராய்ச் சென்று வேலைசெய்பவருக்கு வேண்டும். எமக்கு வகுப்பறைச் சுவரில் இரண்டு மர முளைகள் போதுமாயின. சட்டத்தின் துளையினூடே முளை நுழைய, அது நிலத்திற் படாமல் நெடுக்கே தொங்குகின்றது. கீழே விழுந்து வளைந்த சட்டத்தை நிமிர்த்தும் துணைக்கருவி எதனையும் அந்தப் பட்டியலில் யான் கண்டிலேன்.