பாதைக்கு யார் பணம் தருவது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜீப் பட்டறை நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளோடு ஒரு குழுவாகப் பூந்தமல்லி தாண்டிப் போவோம். வின்ச், இழுவைக் கயிறு, முதலுதவிப் பெட்டி எல்லாம் நாலைந்து பேரின் கைக்காசு. சேற்றில் சிக்கியவர் சந்தா கட்டாதவர் என்றாலும் இழுத்துவிடுவோம், அது தர்மம். ஆனால் பாதையில் ஓட்ட அனுமதி கேட்டு அலுவலகப் படியேறும் செலவும் அதே நாலைந்து பேர் தலையில் விழுவது நியாயமில்லை.

அமெரிக்காவில் பாதைச் செலவைப் பகிர வழி கண்டிருக்கிறார்கள். சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகள் கட்டும் எரிபொருள் வரியை அடிப்படையாக வைத்து, பொழுதுபோக்குப் பாதைகளுக்கென 1991இல் சட்டம் வந்தது. அந்த நிதியில் 30 சதவீதம் மோட்டார் வண்டிப் பாதைகளுக்கு, 30 நடை, சைக்கிள் போன்றவற்றுக்கு, 40 பலரும் பகிரும் பாதைகளுக்கு.

இங்கே நடப்பவர்களுக்கு வழி திறந்துவிட்டது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போன 23 பேரின் உயிரைப் பறித்தபின் மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 40 பாதைகளுக்கு அரசே இணையப் பதிவைத் தொடங்கியது. கட்டணம் கட்டினால், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டுகிறார்கள்.

வண்டிக்காரர்களுக்கும் இந்த ஒழுங்கு வேண்டும். காடு வேண்டாம், ஏரி வேண்டாம்; கைவிட்ட கல்குவாரியும் தரிசும் போதும். ஓட்டுபவர் எல்லாரும் சந்தா கட்டட்டும். அதில் ஒரு பங்கு அந்த ஊராட்சிக்குப் போகட்டும். வரவு செலவை எல்லாருக்கும் காட்டுகிற குழுதான் அரசிடம் உரிமையோடு பாதை கேட்க முடியும்.