டி.வி. கருவியில் திருட்டு போன் சிக்குமா?

"ரயிலில் போனைப் பறிகொடுத்தேன். கம்ப்யூட்டரில் செருகும் எஸ்.டி.ஆர். என்ற சின்னக் கருவியை வைத்தே எந்த செல்போன் எங்கே இருக்கிறது என்று பிடித்துவிடலாம் என யூடியூபில் பார்த்தேன். நானே தேடலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முடியாது. ஆனால், இதைவிட நல்ல கருவிகளோடு ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அவர்கள் பிடித்துக்கொண்ட நூல் மிக அழகானது.

முதலில் கருவி. ஆன்டெனாவில் விழும் அலையை அப்படியே எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டரிடம் தள்ளிவிட்டு, மற்ற வேலையையெல்லாம் மென்பொருளிடம் விடும் ரேடியோதான் எஸ்.டி.ஆர். 1990-களின் தொடக்கத்தில் ஜோசப் மிடோலா இந்தக் கருத்துக்குப் பெயர் சூட்டினார். 2001-ல் குனூ ரேடியோ என்ற இலவச மென்பொருள் வந்தது. டி.வி. பார்க்கச் செய்த மலிவான யு.எஸ்.பி. கருவி ஒன்றின் ரியல்டெக் சில்லு எஸ்.டி.ஆர். ஆகவும் உழைக்கும் என்பது 2012-ல் பரவலாகத் தெரியவந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

இனி அந்த நூல். ஒரே கோபுரத்தோடு பேசும் போன்கள் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எல்லாருடைய அலையும் கோபுரத்துக்குக் குறித்த கணத்தில் வந்து சேர வேண்டும். இல்லையென்றால் ஒன்றன்மேல் ஒன்று விழும். மூன்று கிலோமீட்டரைக் கடக்க அலைக்கு 10 மைக்ரோவினாடி ஆகும். கோபுரத்தின் குறிப்பு போனை அடைவதில் 10, பதில் திரும்புவதில் 10, ஆக 20 மைக்ரோவினாடி தாமதம். இதைக் கோபுரம் அளந்து, "நீ இவ்வளவு முன்னால் கிளம்பு" என்று ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உத்தரவு போடுகிறது. இதன் பெயர் டைமிங் அட்வான்ஸ். 4ஜியில் இதன் ஒரு படி 0.52 மைக்ரோவினாடி, அதாவது 78 மீட்டர் தொலைவு. 2ஜியில் ஒரு படி சுமார் 550 மீட்டர். 63 படிகளோடு எண்ணிக்கை முடிந்துவிடும் என்பதால்தான் அந்தக் கோபுரங்களின் எல்லை வழக்கமாக 35 கிலோமீட்டரில் நின்றது.

ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் சரியாக ஒன்பது மணிக்கு வாசலை மிதிக்க வேண்டும். தலைமையாசிரியர் ஒரு பையனிடம், "நீ இருபது நிமிஷம் முன்னாலேயே கிளம்பிடு" என்கிறார். அதை ஒட்டுக்கேட்டவருக்கு, அவன் வீடு பள்ளியைச் சுற்றி இருபது நிமிஷ நடைத் தொலைவில் எங்கோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதோடு அவன் 8.40-க்குக் கிளம்புகிறான் என்பதும் தெரியும். இப்போது அவர் டீக்கடையில் உட்கார்ந்து, பையன் தன்னைக் கடக்கும் நேரத்தைக் குறித்தால், கடைக்கும் வீட்டுக்கும் உள்ள தொலைவு வந்துவிடும். (அலை எல்லாத் திசையிலும் பரவும், ஆகவே இந்தப் பையன் ஒரே சமயத்தில் எல்லாத் தெருவிலும் நடப்பான்.) இரண்டு வட்டங்கள் இரண்டு இடங்களில் வெட்டும். ஆற்றங்கரையில் இன்னொருவர் இருந்தால் ஒரே வீடுதான் மிஞ்சும். நடுவே பெரிய மதில் இருந்து பையன் சுற்றிக்கொண்டு வந்தால் கணக்கு பிசகும். அவன் சட்டையில் பெயரும் இருக்காது. அடிக்கடி மாறும் தற்காலிக எண் மட்டுமே.

நம் பேச்சும் தரவும் குறியாக்கம் ஆகின்றன. முன்னால் கிளம்பச் சொல்லும் உத்தரவு ஆவதில்லை. சூரிச்சில் உள்ள இ.டி.ஹெச். ஆய்வாளர்கள் 2022-ல் எல்டிராக் என்ற முறையில் இதைத்தான் பயன்படுத்தினார்கள். இடத்தைக் கணிக்க ஒரு சொல்லும் ஒலிபரப்பாமல், எஸ்.டி.ஆர். கருவிகளால் வெறுமனே கேட்டார்கள். பத்தில் ஒன்பது முறை பிழை 6 மீட்டருக்கும் குறைவு. ஆனால் அது தடையில்லாத நேர்ப்பார்வையில் கிடைத்த எண். பரபரப்புச் செய்திகள் முதலில் கைவிடுவது இந்த நிபந்தனையைத்தான்.

அந்த மலிவுக் கருவிக்கு வருவோம். அது இடறாமல் எடுப்பது வினாடிக்குச் சுமார் 24 லட்சம் மாதிரிகள். 20 மெகாஹெர்ட்ஸ் அகல 4ஜி அலைவரிசையை முழுதாக வாங்க, வழக்கமாக 3 கோடியே 7 லட்சம் மாதிரிகள் எடுப்பார்கள். ஏறத்தாழ 1,766 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அதற்குக் காதும் கேட்காது. 2,300-ல் பேசும் போன் அதற்கு இல்லாத போன். இத்தனையும் தாண்டினாலும், தற்காலிக எண்களின் கூட்டத்தில் உங்கள் போன் எது? திருடியவர் அதை அணைத்துவிட்டால் கேட்பதற்கே ஒன்றுமில்லை.

இந்த நுட்பத்தை நான் மனதாரப் பார்க்க விரும்பும் இடம் இடிபாடுகள். ஐரோப்பாவில் உள்ள என்.இ.சி. ஆய்வகத்தினர் 2020-ல் வெளியிட்ட சார்டோ திட்டத்தில், ஒரே ஒரு டிரோன் குட்டிக் கோபுரத்தைச் சுமந்து பறக்கிறது. அது இடம் மாறி மாறி அளப்பதால் பல கோபுரங்களின் வேலையை ஒன்றே செய்கிறது. பிழை சில பத்து மீட்டர்கள். அங்கேயும் போனில் சார்ஜ் இருந்தாக வேண்டும்.

வாசகர் செய்ய வேண்டியது வேறு. போலீசில் புகார் கொடுத்து, அந்த நகலோடு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கச் சொல்லுங்கள். போன் கையில் இருக்கும் மற்றவர்கள் *#06# அழுத்தினால் அந்த 15 இலக்க எண் வரும். இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.