ஒரே பவளப்பாறையைப் பார்க்க ஏன் மறுபடி மறுபடி மூழ்குகிறார்கள்?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. வெளுத்த பவளத்தைப் பார்த்ததும் செத்துவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? பொறுங்கள். சூடு கூடினால் பவளம் தனக்கு உணவூட்டும் நுண்பாசியை வெளியேற்றி வெளுக்கும். சதை உயிரோடிருக்கும், நீர் குளிர்ந்தால் தேறலாம். சில நோய்களிலோ சதையே அழிந்து வெறும் எலும்புக்கூடு வெள்ளையாகத் தெரியும்.

அங்கன்வாடியில் ஒருநாள் எடை பார்த்துப் பிள்ளை தேறுகிறதா, மெலிகிறதா என்று சொல்ல முடியுமா? மாதாமாதம் பார்க்க வேண்டும். அதனால்தான் ஆய்வாளர்கள் அதே இடத்தில் அளவுநாடாவை விரித்து, உயிர்ப்பவளம் எவ்வளவு, பாசி எவ்வளவு என்று குறிக்கிறார்கள். செயற்கைக்கோள் போதாதா? அது கடல்மேற்பரப்பின் சூட்டைக் காட்டி எச்சரிக்கும். அந்த உதவி பெரிது. ஆனால் வெளுப்பா, நோயா என்று பிரிக்க அருகில் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். 2016 வெளுப்பில் இங்கே பல பவளங்கள் மடிந்தன, மற்றவை தேறின. திரும்பிப் போய்ப் பார்த்ததால்தான் அது தெரிந்தது.